இலையும் இசைவும்: புற்றுநோய் மருந்துச் சோதனையின் தென்னாட்டு வரலாறு

மதுரையிலிருந்து தெற்கே அருப்புக்கோட்டை நோக்கியோ, கிழக்கே இராமநாதபுரம் நோக்கியோ பயணம் செய்பவர்கள் சாலையோரங்களில் ஒரு சிறு செடியைக் கண்டிருப்பர். ஐந்து இதழ்கள் கொண்ட வெள்ளை அல்லது இளஞ்சிவப்புப் பூ. ஆண்டு முழுவதும் பூப்பதால் அதற்கு நித்தியகல்யாணி என்று பெயர். மயானங்களில் மிகுதியாக வளர்வதால் சுடுகாட்டுப்பூ என்றும் மக்கள் அழைப்பர். நம் மையவாடிகளின் சுவரோரங்களிலும் நீர் வார்ப்பார் இன்றியே அது பூத்துக் கிடக்கிறது. அதன் கசப்பினால் ஆடுமாடுகள் அதில் வாய் வைப்பதில்லை.

மரணத்தின் அடையாளமாகக் கருதப்பட்ட இச்செடியின் இலையிலிருந்துதான் வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் என்னும் இரு புற்றுநோய் மருந்துகள் பிறந்தன. குழந்தைகளைப் பீடிக்கும் இரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சையில் வின்கிறிஸ்டின் இன்றும் முதல் வரிசையில் நிற்கிறது. தென் மாவட்டங்களின் கரிசல் நிலங்களில் விளைந்த இலை கடல் கடந்து சென்று மருந்தாயிற்று. பின்னர் ஒரு காலத்தில், கடல் கடந்து வந்த வேறொரு மருந்து தென்னாட்டு ஏழைகளின் உடலில் சோதிக்கப்பட்டுப் பெரும் சர்ச்சைக்கு உள்ளாயிற்று. இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் படிக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. ஒரு மருந்து நோயாளியை அடையும் வழியில் இரண்டு வாயில்கள் உள்ளன. ஒன்று சோதனை, மற்றொன்று இசைவு. இரண்டையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஆனால் ஒன்றை மருத்துவ நூல்களிலும் மற்றதை ஃபிக்ஹு நூல்களிலும் எழுதி வைத்தனர். இரண்டையும் ஒருசேரப் படிக்க வேண்டிய கட்டாயத்தை நம் காலத்தின் வரலாறு ஏற்படுத்தியிருக்கிறது.

முன்னோர் வகுத்த சோதனை முறை

ஒவ்வொரு நோய்க்கும் இறைவன் மருந்தைப் படைத்திருக்கிறான் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. இப்போதனை இஸ்லாமிய உலகின் மருத்துவர்களுக்கு ஆறுதலாக இருந்ததோடு, தேடும் கடமையையும் அவர்கள்மீது சுமத்தியது. மருந்து இருக்கிறது என்றால் அதைக் கண்டறிவது எப்படி? மருந்தல்லாததை மருந்து என்று எண்ணி ஏமாறாமல் இருப்பது எப்படி?

பக்தாதிலும் ரய் நகரிலும் மருத்துவமனைகளை நடத்திய அர்-ராஸி (இறப்பு 925) இக்கேள்வியை நேராக எதிர்கொண்டார். மூளைக் காய்ச்சலின் அறிகுறிகள் தோன்றியவர்களில் ஒரு சாராருக்கு இரத்தம் வெளியேற்றும் சிகிச்சை அளித்ததாகவும், மற்றொரு சாராரை வேண்டுமென்றே அச்சிகிச்சை இன்றி விட்டுவைத்து ஒப்பிட்டதாகவும் அவர் குறித்து வைத்திருக்கிறார். அவருடைய முடிவு இன்றைய மருத்துவத்திற்கு ஏற்புடையதன்று. ஆயினும் ஒப்பிடாமல் உண்மை தெரியாது என்ற எண்ணம் அங்கே தெளிவாக இருக்கிறது. பாதரசத்தின் தன்மையை அறிய அவர் அதைக் குரங்குக்குக் கொடுத்துப் பார்த்ததும் பதிவாகியுள்ளது. ஸ்பெயினில் வாழ்ந்த இப்னு ஸுஹ்ர் (இறப்பு 1162) மூச்சுக்குழலைத் திறக்கும் அறுவையை முதலில் ஓர் ஆட்டின்மீது செய்து பார்த்தார்.

இவ்வழிமுறையை ஒழுங்குபடுத்தி விதிகளாக வகுத்தவர் இப்னு சீனா (980–1037). 'அல்கானூன் ஃபித்திப்' என்னும் பெருநூலின் இரண்டாம் பாகத்தில், தனி மருந்துகளைப் பற்றிப் பேசும் முன் ஏழு நிபந்தனைகளை அவர் விதிக்கிறார். அவற்றின் சாரத்தை நம் சொற்களில் தருகிறோம். மருந்து தற்செயலாக ஏற்பட்ட வெளித்தன்மைகள் ஏதுமின்றி இருக்க வேண்டும். பல நோய்கள் கலந்த உடலில் அல்லாமல் ஒற்றை நோய் உள்ளவரிடம் அதைச் சோதிக்க வேண்டும். ஒன்றுக்கொன்று மாறான இருவகை நோய்களில் சோதித்துப் பார்க்க வேண்டும். மருந்தின் வலு நோயின் வலுவுக்கு ஈடாக இருக்க வேண்டும். குறைந்த வலுவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்த வேண்டும். பலன் தோன்றும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். பலன் எப்போதுமோ பெரும்பாலான வேளைகளிலோ நிகழ வேண்டும்; எப்போதாவது நிகழ்வது தற்செயல். இறுதியாக, சோதனை மனித உடலில் நடைபெற வேண்டும். குதிரையிலோ சிங்கத்திலோ கண்ட பலன் மனிதனுக்குப் பொருந்தும் என்று கொள்ள முடியாது.

இந்நிபந்தனைகளில் நான்காவதைப் பாருங்கள். இன்று ஒரு புதிய புற்றுநோய் மருந்தின் முதற்கட்டச் சோதனையில் செய்யப்படுவது ஏறத்தாழ இதுவே. மிகக் குறைந்த அளவில் தொடங்கி, சில நோயாளிகளுக்கு ஒரு படி, அடுத்த சிலருக்கு அதற்கு மேல் ஒரு படி என உயர்த்தி, உடல் தாங்கும் எல்லையைக் கண்டறிகின்றனர். இரண்டாம் கட்டத்தில் கட்டி சுருங்குகிறதா என்று பார்க்கின்றனர். மூன்றாம் கட்டத்தில் அர்-ராஸி செய்ததைப்போல் இரு பிரிவினரை ஒப்பிடுகின்றனர். யாருக்கு எது என்பதை மருத்துவரின் விருப்பத்திற்கு விடாமல் குலுக்கல் முறையில் தீர்மானிக்கின்றனர்.

புற்றுநோயின் முன் இம்மேதைகள் தம் எல்லையை உணர்ந்தே இருந்தனர். தொடக்க நிலையில் உள்ள சிறு கட்டியைச் சுற்றியுள்ள பகுதியோடு சேர்த்து அகற்றினால் பயன் இருக்கலாம் என்றார் இப்னு சீனா. முற்றிய பெரும் புற்றைத் தாம் குணப்படுத்தியதும் இல்லை, குணப்படுத்தியவரைக் கண்டதும் இல்லை என்ற பொருளில் எழுதினார் குர்துபாவின் அறுவை மேதை அஸ்-ஸஹ்ராவி. அந்த நேர்மையும் அறிவியலின் ஒரு பகுதியே.

அரபு மருத்துவமும் தமிழ் மருத்துவமும் இம்மண்ணில் சந்தித்துக்கொண்டதன் நினைவு மதுரைக்கு அருகிலேயே உண்டு. சித்தர் இராமதேவர் மக்கா சென்று யாக்கோபு என்ற பெயரோடு திரும்பியதாகச் சித்த மரபு கூறுகிறது. அவர் அடங்கிய இடமாக அழகர்மலையை அம்மரபு சுட்டுகிறது. அவர் பெயரால் மருத்துவச் சுவடிகளும் வழங்கி வருகின்றன. இது மரபுச் செய்தியே. எனினும் மருந்தைத் தேடும் வேட்கைக்குச் சமய எல்லை இருந்ததில்லை என்பதை அது உணர்த்துகிறது.

இலை கடல் கடந்த கதை

நித்தியகல்யாணியின் தாயகம் மடகாஸ்கர் தீவு. வணிகக் கப்பல்களோடு உலகின் வெப்ப நாடுகளெங்கும் பரவி, நம் மண்ணில் பிறந்ததைப்போலவே வேரூன்றிவிட்டது. பல நாடுகளில் நாட்டு மருத்துவர்கள் அதன் இலைக் கஷாயத்தை நீரிழிவுக்குக் கொடுத்து வந்தனர். ஜமைக்காவிலும் அவ்வழக்கம் இருந்தது. அங்கிருந்த மருத்துவர் ஒருவர் 1952-இல் சில இலைகளைக் கனடாவில் இருந்த ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளருக்குக் கிடைக்கச் செய்தார். அம்மருத்துவர் நோபிளின் உடன்பிறந்தவரான கிளார்க் நோபிளுக்கு அறிமுகமானவர்; இலைகள் அவர் வழியே வந்து சேர்ந்தன.

நோபிள் தேடியது நீரிழிவு மருந்தை. இலைச்சாற்றை எலிகளுக்கு வாய்வழி கொடுத்தபோது சர்க்கரை குறையவில்லை. ஊசி மூலம் செலுத்தியபோது எலிகள் நோய்த்தொற்றினால் இறந்தன. ஆராய்ந்து பார்த்ததில் இரத்தத்தின் வெள்ளணுக்கள் பெரிதும் குறைந்திருந்ததும் எலும்பு மஜ்ஜை ஒடுங்கியிருந்ததும் தெரிந்தன. தோல்வி என்று ஒதுக்கிவிடக்கூடிய இம்முடிவிலிருந்து ஒரு புதிய கேள்வி எழுந்தது. வெள்ளணுக்களை ஒடுக்கும் பொருள், வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் இரத்தப் புற்றுநோயையும் ஒடுக்குமல்லவா? நோபிளும் வேதியியலாளர் சார்லஸ் பீரும் சேர்ந்து அப்பொருளைப் பிரித்தெடுத்து 1958-இல் அறிவித்தனர். அதுவே வின்பிளாஸ்டின். அதே காலத்தில் அமெரிக்காவின் ஈலை லில்லி நிறுவனத்திலும் கோர்டன் ஸ்வோபோடா, இர்விங் ஜான்சன் முதலியோர் இச்செடியைத் தனியே ஆராய்ந்து கொண்டிருந்தனர். அவர்கள் கண்டறிந்த வின்கிறிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

உயிரணு இரண்டாகப் பிரியும்போது அதனுள் நுண்ணிய குழல்கள் தோன்றி மரபுப் பொருளைச் சமமாகப் பங்கிட்டு இருபுறமும் இழுக்கின்றன. அக்குழல்கள் உருவாகாமல் இம்மருந்துகள் தடுத்துவிடுகின்றன. பிரிவு பாதியில் நிற்க, உயிரணு மடிகிறது. விரைந்து பிரிவது புற்றணு ஆகையால் அதற்கே அடி அதிகம். ஆனால் நரம்புகளும் மஜ்ஜையும் அந்த அடிக்கு முற்றும் தப்புவதில்லை. ஆகவேதான் அளவு இங்கே உயிர்ப் பிரச்சினை ஆகிறது.

ஒரு கிராம் மருந்தைப் பெற நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை தேவைப்பட்டது. அந்தத் தேவை தென் தமிழகத்தை எட்டியது. பழைய மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் நித்தியகல்யாணி பயிரிடப்பட்டது. குறைந்த மழையில் வளரும், கால்நடை மேயாது, வேலி வேண்டாம். மழையை மட்டும் நம்பிய குடியானவனுக்கு ஏற்ற பயிர். இலை அமெரிக்காவுக்கும் அங்கேரிக்கும், வேர் மேற்கு ஜெர்மனி முதலிய நாடுகளுக்கும் ஏற்றுமதியாயின. வேரில் உள்ள அஜ்மலிசின் இரத்த ஓட்டக் கோளாறுகளுக்கு மருந்தாகிறது. அந்தப் பெயரில் நமக்கு ஒரு செய்தி உண்டு. டில்லி திப்பியாக் கல்லூரியை நடத்திய ஹகீம் அஜ்மல் கான் (இறப்பு 1927) யூனானி மூலிகைகளை நவீன வேதியியல் முறையில் ஆராயுமாறு சலீமுஸ்ஸமான் சித்தீகி என்ற இளம் வேதியியலாளரை ஊக்குவித்தார். சித்தீகி 1931-இல் சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்தெடுத்த பொருள்களுக்குத் தம் புரவலரின் பெயரைச் சூட்டினார். அவற்றுள் ஒன்றான அஜ்மலிசினே பின்னர் நித்தியகல்யாணியின் வேரிலும் காணப்பட்டது.

நெடுங்காலம் இலையை மூலப்பொருளாக விற்று, மருந்தை விலைகொடுத்து வாங்கும் நிலையே இருந்தது. புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்துடன் சேர்ந்து சிப்லா நிறுவனம் 1984-இல் இவ்விரு மருந்துகளையும் உள்நாட்டிலேயே உருவாக்கியபோதுதான் அந்நிலை மாறத் தொடங்கியது.

அடையாற்றில் நடந்த சோதனை

குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் ஒரு காலத்தில் சில வாரங்களிலோ மாதங்களிலோ உயிரைக் கொண்டுபோய்விடும் நோயாக இருந்தது. அந்த இருளில் முதல் ஒளி பாஸ்டன் நகரில் தோன்றியது. சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் அமினாப்டெரின் என்னும் மருந்தை 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேரிடம் முன்னேற்றம் கண்டதாக 1948-இல் அறிவித்தார். அம்முன்னேற்றம் நிலைக்கவில்லை, ஆயினும் இந்நோயை மருந்தால் அசைக்க முடியும் என்பது நிறுவப்பட்டது. அம்மருந்தை அளித்த லெடர்லி ஆய்வகத்தின் தலைமை ஆய்வாளர் எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். கதர் அணிந்த குற்றத்திற்காக ஆங்கிலப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றே பெற்றவர். அவரது ஆய்வகத்தில் உருவான மற்றொரு மருந்தான மெத்தோட்ரெக்ஸேட்டும், நித்தியகல்யாணியின் வின்கிறிஸ்டினும், வேறு இரண்டும் சேர்ந்த கூட்டுச் சிகிச்சை 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சோதிக்கப்பட்டது. தனித்தனியே தோற்றவை கூடி நின்றபோது நோய் பின்வாங்கியது.

இவ்வெற்றி நம் குழந்தைகளை வந்தடைய மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளுடன் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு மதுரையிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் குடும்பங்கள் இரவு இரயிலேறிச் சென்றன. 1980-களின் தொடக்கம்வரை இந்நோயுற்ற இந்தியக் குழந்தைகளில் ஏறத்தாழ ஐவரில் ஒருவரே பிழைத்தனர். மேலைநாட்டுச் சிகிச்சை முறையை அப்படியே கொண்டுவந்தால் இங்குள்ள ஊட்டக்குறைவும் நோய்த்தொற்றும் மருந்தைவிட விரைந்து கொல்லக்கூடும். நம் சூழலுக்கேற்ற முறையை நாமே சோதித்தறிய வேண்டியிருந்தது. அடையாறு மருத்துவமனை, மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, டில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் ஆகிய மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1984-இல் ஒரே சிகிச்சைத் திட்டத்தைப் பின்பற்றத் தொடங்கின. 'எம்.சி.பி.-841' என்பது அதன் பெயர். வின்கிறிஸ்டின் அதன் தூண்களில் ஒன்று. அடையாற்றில் இப்பணியை முன்னின்று நடத்தியவர் டாக்டர் வி. சாந்தா (இறப்பு 2021). ஒவ்வொரு குழந்தையின் நிலையும் பல ஆண்டுகள் தொடர்ந்து பதியப்பட்டது. முடிவில் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் பிழைத்தனர்.

இங்கே சோதிக்கப்பட்டது புதிய மருந்தன்று. அறிந்த மருந்துகளைச் சேர்க்கும் புதிய முறை. அம்முறையே குழந்தைக்குக் கிடைக்கக்கூடிய தலைசிறந்த சிகிச்சையாகவும் இருந்தது. இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும். பின்னர் அதற்குத் தேவை ஏற்படும்.

மதுரை நகருக்கும் இவ்வகைச் சோதனை புதிதன்று. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், காசநோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, வீட்டிலிருந்தே மருந்துண்பது சானடோரியத்தில் தங்கி உண்பதற்கு இணையான பலன் தரும் என்று 1959-இல் நிறுவி உலகக் காசநோய் மருத்துவத்தையே மாற்றியது. அம்மையத்தின் பிற்காலச் சோதனைகளில் மதுரைப் பிரிவும் பங்கேற்றது. ஏழை மக்களை வைத்து நடத்தப்படும் சோதனை ஏழை மக்களுக்கே பயன்பட முடியும் என்பதற்கு இவையிரண்டும் சான்றுகள்.

திருவனந்தபுரத்தில் எழுந்த கேள்வி

எல்லாச் சோதனைகளும் அவ்வாறு அமைந்துவிடவில்லை. நம் தென் மாவட்டங்களின் புற்றுநோயாளிகள் சென்னைக்குச் செல்வதைப்போலவே திருவனந்தபுரத்திற்கும் செல்வது வழக்கம். அங்கு 1981-இல் நிறுவப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையம் எண்ணற்றோருக்குக் குறைந்த செலவில் சிகிச்சை அளித்து நற்பெயர் ஈட்டியது. வெற்றிலை, புகையிலைப் பழக்கத்தால் வாய்ப்புற்று மிகுந்த நிலப்பகுதி இது.

1999-க்கும் 2000-க்கும் இடையில் அம்மையத்தில் ஏறத்தாழ 25 வாய்ப்புற்று நோயாளிகளின் கட்டிகளில் ஒரு புதிய வேதிப்பொருள் ஊசி மூலம் செலுத்தப்பட்டது. அமெரிக்கப் பாலைவனங்களில் வளரும் கிரியோசோட் புதரில் உள்ள ஒரு பொருளிலிருந்து உருவாக்கப்பட்டது அது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிரியல் பேராசிரியர் ஒருவர் அதை உருவாக்கியிருந்தார். நம் செடியின் இலை அங்கே சென்றது. அவர்கள் செடியின் சாரம் இங்கே வந்தது. பரிமாற்றத்தில் பிழையில்லை. பிழை வேறிடத்தில் இருந்தது.

மையத்தின் மருத்துவர்களில் ஒருவரே 2001-இல் இதை வெளிக்கொணர்ந்தார். நோயாளிகளிடம் இசைவு பெறப்பட்டதாக மையம் கூறியது. தம் உடலில் செலுத்தப்படுவது இன்னும் சோதனையில் உள்ள மருந்து என்பது அவர்களுக்குத் தெளிவாக உணர்த்தப்படவில்லை என்பதும், முறையான அரசு அனுமதி முன்னதாகப் பெறப்படவில்லை என்பதும், அறிந்த சிகிச்சை இருக்கையில் அது தாமதப்பட்டது என்பதும் குற்றச்சாட்டுகள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் தானே விசாரணை நடத்தி 2001 நவம்பரில் முடிவை வெளியிட்டது. பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழுவின் அனுமதியின்றி இச்சோதனை நடந்தது. மனிதருக்குக் கொடுக்குமுன் செய்ய வேண்டிய விலங்குச் சோதனைகள் போதுமானவையாக இல்லை. இம்முடிவின்பேரில் அப்பேராசிரியர் மனிதர்கள்மீதான ஆய்வுகளுக்குத் தலைமையேற்பது தடுக்கப்பட்டது.

அம்மருந்து பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. அது பிற்காலத்தில் டெராமெப்ரோகால் என்ற பெயரில் அமெரிக்காவிலேயே உரிய அனுமதியோடு சோதனைக்கு வந்தது. இப்னு சீனாவின் ஏழாவது நிபந்தனைப்படி எந்த மருந்தும் ஒருநாள் மனித உடலை அடைந்தே தீரவேண்டும். ஆனால் அந்த மனிதர் யார்? அவர் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுகிறார்? அவர் சம்மதித்தாரா? இக்கேள்விகளை 'அல்கானூன்' எழுப்பவில்லை. அவற்றை எழுப்பியவர்கள் ஃபுகஹாக்கள்.

இசைவு பற்றி ஷரீஅத்

மருத்துவம் அறியாதவர் சிகிச்சை அளித்துத் தீங்கு நேர்ந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்தமைந்த நபிமொழி அபூதாவூத் முதலிய நூல்களில் பதிவாகியுள்ளது. இதை அடித்தளமாகக் கொண்டு ஃபுகஹாக்கள் மருத்துவரின் பொறுப்பை விரிவாக ஆராய்ந்தனர். இமாம் இப்னு குதாமா (ரஹ்) 'அல்முக்னீ'யிலும், இமாம் இப்னுல் கைய்யிம் (ரஹ்) 'ஸாதுல் மஆத்'திலும் கூறுவதன் சாரம் இது: மருத்துவர் திறமையுள்ளவராக இருத்தல் ஒரு நிபந்தனை; நோயாளியின் அல்லது அவருடைய பொறுப்பாளரின் 'இத்ன்', அதாவது அனுமதி, மற்றொரு நிபந்தனை. திறமை இருந்தும் அனுமதியின்றிக் கத்தி வைத்தவர் நேர்ந்த தீங்குக்குப் பொறுப்பேற்க வேண்டும். அனுமதியின் அவசியம் பற்றிய இச்சிந்தனை ஐரோப்பாவில் நியூரம்பர்க் நெறிகள் (1947) எழுதப்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. ஆனால் அவர்கள் பேசியது சிகிச்சையைப் பற்றி. அறியாத ஒன்றை அறிவதற்காகச் செய்யப்படும் சோதனைக்கு அச்சட்டத்தை விரித்துப் பொருத்தும் பணி நம் காலத்து அறிஞர்களுக்கு எஞ்சியிருந்தது.

அப்போது இஸ்லாமிய மாநாட்டு அமைப்பு எனப்பட்ட நிறுவனத்தின் சர்வதேச ஃபிக்ஹு அகாடமி, 1992 மே மாதம் ஜித்தாவில் கூடியபோது அப்பணியை மேற்கொண்டது. மருத்துவ ஆராய்ச்சிக்கு உட்படுபவரின் முழுமையான இசைவு தேவை. அதில் கட்டாயத்தின் நிழலோ பொருளாசை காட்டுதலின் நிழலோ படியக்கூடாது என்று அது தீர்மானித்தது. கட்டாயத்திற்கு எடுத்துக்காட்டாகச் சிறைவாசிகளையும், பொருளாசைக்கு எடுத்துக்காட்டாக வறியவர்களையும் அது சுட்டியது. ஆராய்ச்சியால் தீங்கு விளையக்கூடாது என்றும் விதித்தது. திருவனந்தபுரத்து நிகழ்ச்சிக்கு ஏழாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட அத்தீர்மானம், அங்கே எழுந்த கேள்வியை முன்கூட்டிக் கண்டதுபோல் இருக்கிறது.

அதே தீர்மானத்தில் நாம் சிந்திக்க வேண்டிய கடினமான பகுதி ஒன்று உண்டு. சட்டத் தகுதி இல்லாதவர்கள்மீது, பொறுப்பாளர் சம்மதித்தாலும் ஆராய்ச்சி கூடாது என்கிறது அது. அப்படியானால் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எப்படிக் கிடைத்திருக்கும்? அடையாற்றில் நடந்ததை எவ்வாறு நோக்குவது? இங்கேதான் முன்னர்க் குறிப்பிட்ட வேறுபாடு உதவுகிறது. குழந்தைக்கு எந்தப் பயனும் கருதாமல் பிறருக்காக அதன் உடலைப் பயன்படுத்துவது ஒன்று. அக்குழந்தையின் உயிரைக் காக்கும் நோக்கில், கிடைப்பவற்றுள் சிறந்ததைக் கொடுத்து அதன் விளைவை நேர்மையாகப் பதிவுசெய்வது மற்றொன்று. பின்னது சிகிச்சையின் எல்லைக்குள் வருவது. அங்கே பொறுப்பாளரின் அனுமதி செல்லும் என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. உலமாக்களும் மருத்துவர்களும் ஒன்றாக அமர்ந்து விரிவாகப் பேச வேண்டிய பொருள் இது.

சட்டமும் நாமும்

திருவனந்தபுரத்திற்குப் பின் இந்திய ஆட்சியமைப்பு மெல்ல விழித்தது. மருத்துவச் சோதனைகளுக்கான தேசியப் பதிவேடு 2007-இல் தொடங்கப்பட்டு, 2009 முதல் பதிவு கட்டாயமாயிற்று. உச்ச நீதிமன்றத்தில் தொடரப்பட்ட பொதுநல வழக்கைத் தொடர்ந்து, சோதனையில் பாதிக்கப்பட்டவர்க்கு இழப்பீடும், இசைவு பெறுவதை ஒலி-ஒளிப்பதிவு செய்தலும் 2013-இல் விதிகளாயின. 2019-இல் புதிய மருந்துகளுக்கும் சோதனைகளுக்குமென ஒருங்கிணைந்த விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. சோதனையின் கனி ஏழைக்கும் எட்ட வேண்டும் என்ற வழக்கும் இக்காலத்ததே. க்ளீவெக் என்னும் இரத்தப் புற்றுநோய் மருந்துக்குக் காப்புரிமை தரச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது. அதையொட்டி எழுந்த சட்டப் போராட்டம் 2013 ஏப்ரல் முதல் நாள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் முடிந்தது. காப்புரிமை மறுக்கப்பட்டது, மலிவான இந்தியத் தயாரிப்புகள் தொடர்ந்தன.

விதிகள் எழுதப்பட்டுவிட்டன. ஆனால் இசைவு என்பது மருத்துவமனையில் நீட்டப்படும் தாளில் தொடங்குவதில்லை. அது வீட்டில் தொடங்குகிறது. நம் குடும்பங்களில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தவுடன் நாம் செய்யும் முதற்காரியம் என்ன? அத்தாவிடம் சொல்லிவிடாதீர்கள், அம்மா தாங்கமாட்டார் என்று மருத்துவரிடம் மன்றாடுகிறோம். வயிற்றுப்புண், சாதாரணக் கட்டி என்று சொல்லி அழைத்துச் செல்கிறோம். அன்பின் காரணமாகவே இதைச் செய்கிறோம். ஆயினும் தன் நோய் இன்னதென்று அறியாத ஒருவர், தன் உடலில் சோதனை மருந்து செலுத்தப்படுவதற்கு எப்படி இசைய முடியும்? அவருக்காக நாம் கையொப்பமிடும்போது, அறிவும் சுயநினைவும் உள்ள ஒரு மனிதரைச் சிறு பிள்ளையாக்கிவிடுகிறோம்.

ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சி இங்கே நினைவுக்கு வருகிறது. நபி (ஸல்) அவர்கள் நோயுற்றுப் படுத்திருந்தபோது குடும்பத்தார் அவர்களின் வாயின் ஓரத்தில் மருந்தை ஊற்றினர். வேண்டாம் என்று அவர்கள் சைகை காட்டினார்கள். நோயாளிகள் மருந்தை வெறுப்பது இயல்புதானே என்று எண்ணி வீட்டார் ஊற்றிவிட்டனர். மயக்கம் தெளிந்ததும் நபியவர்கள் அதைக் கண்டித்தார்கள். அங்கே உடனில்லாத அப்பாஸ் (ரலி) அவர்களைத் தவிர, வீட்டிலிருந்த அனைவருக்கும் அம்மருந்தைப் புகட்டச் செய்தார்கள். ஊற்றியவர்கள் பகைவர்களல்லர், உயிரினும் மேலாக நேசித்தவர்கள். அந்த நேசமும் நோயாளியின் மறுப்பை மீறும் உரிமையை அவர்களுக்குத் தரவில்லை.

புதிய மருந்துகள் வேண்டும். அவற்றைச் சோதிக்க மனிதர்கள் முன்வர வேண்டும். சோதனை என்ற சொல்லைக் கேட்டதும் அஞ்சி ஓடும் சமுதாயம், பிறர் உடல்வழி கிடைத்த மருந்தை மட்டும் வாங்கி உண்ணும் சமுதாயமாகவே இருக்கும். அதே வேளையில், முன்வருபவர் கேட்டறிய வேண்டியவை சில உண்டு. இது எந்தக் கட்டச் சோதனை? மருந்தின் அளவைக் கண்டறியும் முதற்கட்டமா, பலனை ஒப்பிடும் மூன்றாம் கட்டமா? இதில் சேராவிட்டால் எனக்குக் கிடைக்கும் சிகிச்சை என்ன? இடையில் விலகினால் என் சிகிச்சை தொடருமா? தீங்கு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? நாட்டின் பதிவேட்டில் இது பதியப்பட்டுள்ளதா? இவற்றைக் கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தைக் கையளிக்குமுன் விசாரிப்பது கடமை.

மையவாடிச் சுவரோரத்தில் அந்தச் செடி இன்றும் பூத்துக்கொண்டிருக்கிறது. அதன் இலையை மருந்தாக்க எலிகளின் இறப்பும், பல்லாண்டு உழைப்பும், எத்தனையோ குழந்தைகளின் உடலும் தேவைப்பட்டன. அக்குழந்தைகளுக்கு நாம் பட்டிருக்கும் கடனை, இனி நம்மவருள் எவரும் அறியாமல் சோதனைப் பொருளாகாதபடி காப்பதன்மூலமே அடைக்க முடியும்.